எஞ்சின் பின்னால் இருக்கிறது

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதை மறைத்துப் பழக்கமில்லை. இன்று ஒபர்வில்லியேயில் எனக்கென்று ஒரு கராஜ் இருக்கிறது. பழைய இத்தாலிக் கார்களைத் திருத்தும் கராஜ். கார்புரேட்டர் பூட்டிய எஞ்சினைக் காதாலேயே சீர்செய்யக் கூடியவர்கள் பாரிசின் வடக்குப் பக்கத்தில் மூன்று பேர் இருந்தோம். மற்ற இரண்டு பேரும் செத்துப் போனார்கள். படித்துவிட்டு வருகிறவர்கள் கொம்பியூட்டரைக் கொழுவிப் பார்க்கிறார்கள். நான் ஒரு றப்பர் குழாயின் ஒரு நுனியைக் காதிலும் மறு நுனியைக் கார்புரேட்டரின் வாயிலும் வைப்பேன். காற்று உள்ளே போகும் இரைச்சல் எல்லா வாயிலும் ஒரே அளவாக வரும்வரைக்கும் திருகாணியைத் திருப்புவேன். அவ்வளவுதான். அந்த அவ்வளவைப் பழக எனக்கு எட்டு வருடம் பிடித்தது.

இதை எழுதுவது ஒருவனுக்காக. அவனுக்குப் பாரிசின் தமிழ்க் கடைத்தெருவான லாச்சப்பலில் நான்கு கடைகள். கோயில் விழாவில் முன்வரிசைக் கதிரை. போகிற இடமெல்லாம் "அவரை ஆளாக்கினது நான்தான்" என்று என்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டு திரிகிறான். சொல்லட்டும். நடந்ததை நான் எழுதுகிறேன். பெயர்களை எழுதப் போவதில்லை. அவனுடைய பெயரை என் கையால் எழுத எனக்கு விருப்பமில்லை. அவனுக்கே இல்லையென்றால் மற்றவர்களுக்கும் வேண்டாம், அந்த இத்தாலிக் கார்க் கம்பெனிக்கும் வேண்டாம்.

நாங்கள் வந்த புதிதில் லாச்சப்பலில் ஓர் அறையில் ஆறு பேர் இருந்தோம். அவன் எனக்குப் பக்கத்து ஊர்க்காரன், என் வயதுதான். உயர்தரம் வரைக்கும் படித்தவன். கொஞ்சம் பிரெஞ்சும் எழுதுவான். அதனால் அகதி விண்ணப்பப் படிவங்களை எல்லோருக்கும் அவனே நிரப்பினான். நாங்கள் அவனுக்குச் சமைத்துப் போட்டோம். அவன் பேனையைக் காதில் செருகிக்கொண்டு கட்டிலில் சாய்ந்திருப்பான்.

"தொழில் என்னெண்டு எழுத?" என்று என்னைக் கேட்டான்.

"மெசின்காரன் எண்டு எழுது" என்றேன்.

எங்கள் பக்கத்தில் மெசின் என்றால் உழவு மெசின்தான். அதை ஓட்டுகிறவனும் மெசின்காரன், அதைத் திருத்துகிறவனும் மெசின்காரன். நான் திருத்துகிறவன். அது அவனுக்கு நன்றாகத் தெரியும். அவனுடைய தகப்பனின் மெசினை இரண்டு தரம் கழற்றிப் பூட்டிக் கொடுத்தவன் நான். அவன் சிரித்துக்கொண்டே 'உழவு மெசின் ஓட்டுநர்' என்று பிரெஞ்சில் எழுதினான். அதை எழுதியதும் அறையில் இருந்தவர்களுக்கு வாசித்துக் காட்டினான். "பாரிசிலை வயல் இருக்கோ மச்சான்?" என்று ஒருவன் கேட்டான். எல்லோரும் சிரித்தார்கள். எனக்குத் திருத்தத் தெரியவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

அந்த ஒரு வரி போன இடமெல்லாம் என்னோடு வந்தது. வேலை தேடித் தருகிற அலுவலகத்தில் இருந்த பெண், பீற்கிழங்கு வயல் ஒன்றுக்கு என்னை அனுப்பப் பார்த்தாள். போகமாட்டேன் என்றதும் கோப்பை மூடிவிட்டாள். மூன்று மாதம் சாப்பாட்டுக் கடைகளில் சட்டி கழுவினேன். பிறகு ஒபர்வில்லியேயில் ஓர் இத்தாலிக்காரன் கராஜ் கூட்டுவதற்கு ஆள் தேடுகிறான் என்று கேள்விப்பட்டுப் போனேன். முதலாளியை இங்கே பத்ரோன் என்போம். அந்தப் பத்ரோன் என் பேப்பரை வாங்கி, கண்ணாடியைத் தூக்கிவிட்டு வாசித்தான். வாசித்ததும் சிரிக்கத் தொடங்கினான். சிரிப்பு இருமலாகி, கண்ணில் தண்ணீர் வந்தது. அறைக்குள் சிரித்தது போதாதென்று இவனுமா என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பேப்பரைப் பறிக்கக் கையை நீட்டினேன். அவன் கொடுக்கவில்லை. என்னை இருத்தி, ஒரு கதை சொன்னான். அன்று எனக்கு அதில் காற்பங்குதான் விளங்கியது. மீதியைப் பிறகு பல வருடங்களாகத் துண்டு துண்டாகக் கேட்டு எடுத்தேன்.

இத்தாலியில் வயல் செய்கிற ஒரு கமக்காரனின் மகன் இருந்தானாம். பெரிய யுத்தம் முடிந்து ஊர் பாழாய்க் கிடந்தபோது, இராணுவம் விட்டுப்போன லொறிகளின் எஞ்சின்களை எடுத்து உழவு மெசின் செய்து விற்றான். பணக்காரன் ஆனான். பணம் வந்ததும் அந்த நாட்டிலேயே பேர்போன சிவப்புப் பந்தயக் கார் ஒன்றை வாங்கினான். அதன் கிளட்ச் ஓயாமல் பழுதாகியது. கழற்றிப் பார்த்தால், தன் மெசினுக்குப் போடுகிற சாமானைப் போலத்தான் இருந்தது. அதைச் சொல்ல, கார் செய்தவனிடம் நேரே போனான். கார் செய்தவன், "உனக்கு உழவு மெசின் ஓட்டத்தான் தெரியும், கார் ஓட்டத் தெரியாது" என்று அனுப்பிவிட்டான். இவன் வீட்டுக்குப் போய் அழவில்லை. அவனுடைய தொழிற்சாலைக்குக் கிட்டவே தானும் ஒரு தொழிற்சாலையைக் கட்டினான். அவனிடம் வேலைசெய்தவர்களைக்கூடத் தன்னிடம் எடுத்தான். அப்படிப் பிறந்ததுதான் அந்தக் கம்பெனி.

அந்தப் பேச்சே நடக்கவில்லை, எல்லாம் பிறகு கட்டிய கதை என்று சொல்கிறவர்களும் இருக்கிறார்கள். பத்ரோனிடமே ஒருநாள் கேட்டேன். "நீ அங்கே இருந்தாயா? நானும் இல்லை. ஸ்பானரை எடு" என்றான். எனக்கு அது போதும். உழவு மெசின்காரன் என்று எழுதிய பேப்பரோடு வந்த ஒருவனை அந்த மனுசன் அன்றைக்கே வேலைக்கு எடுத்தான். அது மட்டும் நடந்தது.

இதைத்தான் படிவம் நிரப்பினவன் பிடித்துக்கொண்டான். தான் அப்படி எழுதியதால்தான் எனக்கு வேலை கிடைத்ததாம். சேறு எறிந்தவன், பூ முளைத்ததும் அது தன் தோட்டம் என்கிறான்.

பத்ரோனின் கராஜில் பின்மூலையில் ஒரு கார் துணிபோட்டு மூடியிருந்தது. அதே கம்பெனியின் கார். அவர்கள் முதலில் பன்னிரண்டு சிலிண்டர் எஞ்சினைக் குறுக்கே திருப்பி, ஓட்டுபவனின் முதுகுக்குப் பின்னால் வைத்து ஒரு கார் செய்தார்கள். அதையும் அங்கே வேலைசெய்த இளம் எஞ்சினியர்கள் வேலை நேரம் முடிந்த பிறகு தங்கள் பாட்டில் வரைந்ததாகச் சொல்வார்கள். முதலாளி அதை விளம்பரத்துக்கு மட்டும் உதவும் என்று நினைத்தானாம். வெறும் சட்டத்தைக் கண்காட்சியில் வைத்ததுமே சனம் வாங்க நின்றது. பிறகு எட்டுச் சிலிண்டரில், அதேபோலக் குறுக்கே வைத்து, கொஞ்சம் சின்னதாக ஒன்று செய்தார்கள். நிறைய விற்கலாம் என்று நினைத்துச் செய்தது. விற்கவில்லை. எண்ணெய் விலை ஏறிய காலம். முதலாளி கம்பெனியை விற்றுவிட்டு வைன் வடிக்க முந்திரிகைத் தோட்டம் வைக்கப் போய்விட்டான். அதற்குப் பிறகு கம்பெனி சுவிஸ்காரன், அமெரிக்கன், இந்தோனேசியாக்காரன் என்று கைமாறி, இப்போது ஜேர்மன்காரனிடம் நிற்கிறது. இந்தச் சரித்திரம் எல்லாம் எனக்குப் புத்தகத்தில் வந்ததில்லை, எண்ணெய்க் கையோடு கேட்டது.

பின்மூலையில் நின்றது அந்த எட்டுச் சிலிண்டர். நான்கு கார்புரேட்டர். சனிக்கிழமைகளில் பத்ரோன் அதை ஸ்டார்ட் பண்ணுவான். என்னை முதுகு காட்டி நிற்கச் சொல்வான். "எது மெலிவு? எது நிரம்புது?" என்று கேட்பான். எந்தக் கார்புரேட்டரில் பெற்றோல் குறைவு, எதில் கூட என்று நான் திரும்பாமல் சொல்லவேண்டும். முதல் இரண்டு வருடம் பிழை பிழையாகச் சொன்னேன். பிறகு பிழைக்கவில்லை. ஆனால் தொட விடமாட்டான். "முதலில் காது, பிறகு கை" என்பான். என் கைக்கு முறை வருவதற்குள் அவனுக்குச் சுகமில்லாமல் வந்து, அந்தக் கார் விலைப்பட்டு, கராஜ் எனக்கு வந்தது. அதன்பிறகு அந்தக் கம்பெனியின் மற்றக் கார்கள் எல்லாம் என் கைக்குள்ளால் போயின. அந்த எட்டுச் சிலிண்டர் மட்டும் வரவேயில்லை. எனக்கு இப்போது வலது கை நடுங்கத் தொடங்கிவிட்டது. இன்னும் ஒன்றிரண்டு வருடத்துக்குத்தான் திருகாணி பிடிக்கும். அதற்குள் அந்த எஞ்சினை ஒருதரம் என் கையால் சீர்செய்ய வேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

போன வருடம் அந்த எட்டுச் சிலிண்டரை வாங்கினான் அவன், அந்த நான்கு கடைக்காரன்.

லாச்சப்பல் முழுக்கப் படம் காட்டித் திரிந்தான். நான் மானத்தை விட்டு அவனுடைய கடைக்குப் போனேன். என் எழுபது வயதில் ஒருவரிடம் கேட்டுப் போனது அது ஒன்றுதான். கடையில் ஐந்தாறு பேர் மரக்கறி தெரிவுசெய்துகொண்டு நின்றார்கள். அவர்கள் போகட்டும் என்று நின்றேன். அவன் விடவில்லை.

"வாரும், வாரும். என்ன இந்தப் பக்கம்?"

ஒரே போர்வைக்குள் படுத்தவன், எனக்கு 'நீர்' போட்டான்.

"அந்தக் கார் கார்புரேட்டர் வேலை கேக்கும். என்னட்டை விடு. காசு வேண்டாம்" என்றேன்.

அவன் கல்லாவில் இருந்தபடி சனத்தைப் பார்த்தான். "கேட்டீங்களோ? காசு வேண்டாமாம். அண்டைக்கு நான் அந்தப் பேப்பர் எழுதியிருக்காட்டி இவர் இண்டைக்கும் சட்டி கழுவிக்கொண்டுதான் இருப்பார். இப்ப என்ரை காரிலை கைவைக்கக் கேக்கிறார்." பிறகு என்னிடம் திரும்பினான். "குறை நினையாதையும். அது கார். உம்மடை உழவு மெசின் இல்லை. வெள்ளைக்காரன்ரை கராஜிலை விட்டிருக்கிறன். அங்கை நிலத்திலை சோறு போட்டுச் சாப்பிடலாம்."

"அப்ப அங்கை போய்ச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

இரண்டு கிழமை கழித்து அழைப்பு வந்தது. காருக்குப் பூசை, ஞாயிறு காலை, அவனுடைய பெரிய கடை வாசலில். என்னை எரிய வைக்கத்தான் கூப்பிட்டான். "போகாதேங்கோ, வாயை வைச்சுக்கொண்டு இருக்கமாட்டியள்" என்றாள் என் மனிசி. போனேன். எஞ்சினின் சத்தத்தையாவது கேட்கலாம் என்று போனேன். என் வேலை வானைக் கடைக்கு எதிரே, சாமான் இறக்குகிற இடத்தில் விட்டேன்.

காருக்கு மாலை போட்டிருந்தார்கள். நான்கு சில்லுக்கும் தேசிக்காய் வைத்திருந்தார்கள். ஐம்பது, அறுபது பேர் றோட்டை அடைத்துக்கொண்டு நின்றார்கள். எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. ஐயர் நிற்பாட்டச் சொல்ல, "இல்லை ஐயா, ஓடட்டும், சனம் சத்தத்தைக் கேக்கட்டும்" என்றான் அவன்.

"அப்ப பொனெற்றைத் திறவுங்கோ" என்றார் ஐயர்.

அவன் முன்மூடியைத் திறந்தான். உள்ளே கிடந்தது ஒரு ஸ்பெயார் ரயர். ஐயர் கண்ணை மூடி மந்திரம் சொல்லி, ரயருக்குச் சந்தனம் வைத்தார், குங்குமம் வைத்தார், பூப் போட்டார். பிறகு கற்பூரத் தட்டைத் தூக்கி அந்த ரயரைச் சுற்றிக் காட்டினார். சனம் கன்னத்தில் போட்டுக்கொண்டது. அவனும் கை கூப்பி நின்றான். முதலாளிக்குத் தன் காரில் எஞ்சின் எங்கே இருக்கிறது என்று தெரியாது! அல்லது அந்த நேரத்துப் பெருமையில் மறந்துவிட்டான். எது என்றாலும் எனக்கு ஒன்றுதான்.

நான் சிரித்தேன். அடக்கிச் சிரிக்கவில்லை.

"ஐயா, எஞ்சின் பின்னாலை இருக்கு. நீங்கள் காத்துப் போன ரயருக்குக் கற்பூரம் காட்டுறியள்."

சனம் வெடித்துச் சிரித்தது. பின்னால் நின்ற ஒருவர், "அரோகரா, ரயர் பிள்ளையாருக்கு!" என்றார். இன்னும் சிரிப்பு. அவனுடைய முகம் கறுத்தது.

"நீர் ஒருக்கால் வாயைப் பொத்தும்" என்றான். "உமக்குச் சாப்பாடு உள்ளை இருக்கு. சாப்பிட்டிட்டுப் போம். என்ரை காரைப் பற்றி இனி ஒரு சொல்லுக் கதைக்கக் கூடாது. விளங்குதோ? ஒரு சொல்லு!"

"விளங்குது" என்றேன்.

ஐயர் பாவம், தொழிலில் சுத்தமான மனுசன். "எஞ்சினுக்குத்தானே காட்டவேணும்" என்று தட்டோடு பின்பக்கம் போனார். யாரோ பின்மூடியைத் தூக்கினார்கள். மூடி திறந்ததும் சத்தம் முழுதாக என்னிடம் வந்தது. எத்தனையோ வருடத்துக்குப் பிறகு அந்தச் சத்தம். முதல் மூச்சிலேயே கேட்டுவிட்டேன். இடது பக்கம் இரண்டாவது நிரம்பி வழிகிறது. மிதவைக்கு மேலே பெற்றோலை மறிக்கிற ஊசியில் தூசி அடைத்திருக்க வேண்டும். பெற்றோல் நிற்காமல் வந்துகொண்டிருக்கிறது. மூக்கைத் தூக்கினேன், மணமும் வந்தது. சோறு போட்டுச் சாப்பிடக்கூடிய கராஜ்!

ஐயரின் தட்டில் கற்பூரம் கொழுந்துவிட்டு எரிந்துகொண்டிருந்தது. எஞ்சினுக்கு இன்னும் நான்கு அடி இருந்தது.

நான் கத்தியிருக்கலாம். "நில்லுங்கோ" என்ற ஒரு சொல் போதும். வாய்க்குள் வந்தும்விட்டது. அவன் என்னைப் பார்த்தான். நான் அவனைப் பார்த்தேன். ஒரு சொல் கதைக்கக் கூடாது என்றான், நான் கதைக்கவில்லை. ஐயர் ஒரு சுற்றுச் சுற்றினார். இரண்டாவது சுற்றில் நீலமாக ஒரு நெருப்பு, சத்தமில்லாமல், கார்புரேட்டர்களின் மேல் படர்ந்தது. பிறகு மஞ்சளாக எழும்பியது.

ஐயர் தட்டைப் போட்டுவிட்டுப் பின்னால் விழுந்தார். கையில் இருந்த மயிர் பொசுங்கியதோடு தப்பினார். அவருக்கு மட்டும் நான் பதில் சொல்லக் கடமைப்பட்டவன். அடுத்த நாளே எபினேயில் இருந்த அவருடைய வீட்டுக்குப் போய், பெற்றோல் மணத்தது தெரிந்தும் சொல்லாமல் நின்றேன் என்று நேரே சொன்னேன். அவர் "நான் உங்களுக்கு என்ன செய்தனான்?" என்று மட்டும் கேட்டார்.

சனம் ஓடியது. அவனுடைய மனைவி கடைக்குள் இருந்து தண்ணீர் வாளியோடு வந்தாள். ஒருவர் பூசைக்கு வைத்த கும்பத்தைத் தூக்கினார்.

"தண்ணி ஊத்தாதேங்கோ!" என்று கத்தினேன். அப்போது வாய் திறந்தது. "பெற்றோல் தண்ணியிலை மிதந்து றோட்டெல்லாம் எரியும்! தள்ளி நில்லுங்கோ எல்லாரும்!"

காருக்குள் கையை விட்டுத் திறப்பைத் திருகினேன். எஞ்சின் நின்றது. பிறகு வானில் இருந்த தீயணைப்புச் சிலிண்டரை எடுக்கப் போனேன். வான் இருபது அடியில் நின்றது. எடுத்து வந்து, ஊசியை இழுத்து, நெருப்பின் அடியைப் பார்த்து அடித்தேன். வெள்ளைத் தூள் எல்லாவற்றையும் மூடியது. எண்ணிப் பத்து முடிவதற்குள் அணைத்துவிட்டேன். தீயணைப்புப் படைக்காரர் வந்தபோது அவர்களுக்கு வேலை இருக்கவில்லை. வந்தவர்களில் மூத்தவன் உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு, யார் இதைச் செய்தது என்று கேட்டான். சனம் என்னைக் காட்டியது. கைதட்டினார்கள். "அண்ணை இல்லாட்டி றோட்டே எரிஞ்சிருக்கும்" என்றார்கள். ஒருவர் ஐயருக்கு வைத்திருந்த சால்வையை எனக்குப் போர்த்தினார். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை.

அவன் மட்டும் கைதட்டவில்லை. எல்லோரும் கலைந்த பிறகு கிட்ட வந்தான்.

"நீ நடந்து போனனீ" என்றான்.

'நீர்' போய் 'நீ' வந்திருந்தது.

"என்ன?"

"வானுக்கு. எல்லாரும் ஓடினவை. நீ நடந்தனீ. நான் கண்டனான்."

"முழங்கால் ஏலாது எனக்கு."

"பொய் சொல்லாதை. வரேக்கையும் நடந்துதான் வந்தனீ. அதுக்கு முதலும், பெற்றோல் மணத்தது உனக்குத் தெரியும். உன்ரை மூஞ்சியைப் பார்த்தனான். ஒரு நாளைக்குப் பதினாறு மணித்தியாலம் உன்னோடை ஒரே அறைக்குள்ளை அடைஞ்சு கிடந்தவன் நான், உன்ரை மூஞ்சி எனக்குத் தெரியாதோ?"

"நீதானே ஒரு சொல்லுக் கதைக்கக் கூடாதெண்டனீ."

"அதுக்காக?"

"அதுக்காகத்தான்" என்றேன்.

அடித்துவிடுவான் என்று நினைத்தேன். அடித்திருந்தால் திருப்பி அடித்திருப்பேன். எழுபது வயதிலும் என் கை ஸ்பானர் பிடித்த கை. அவன் அடிக்கவில்லை. எரிந்த எஞ்சினைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

"இதை இனி ஆர் திருத்துவான்?" என்றான். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

"நான் திருத்துவன்" என்று சொல்லிவிட்டேன். இந்த எழுத்தில் எதை மறைத்தாலும் அதை மறைக்க முடியாது. கறுத்துப்போன அந்த நான்கையும் கழற்றிக் கழுவி, எது மிஞ்சும் என்று பார்க்க என் கை துடித்தது. "தா. நாளைக்கே எடுக்கிறன்."

அவன் சிரித்தான். வந்த புதிதில் பேப்பரை வாசித்துச் சிரித்த அதே ஆளின் சிரிப்பு இல்லை அது. கிழவனின் சிரிப்பு.

"நொறுக்கி இரும்புக் கடைக்குக் குடுப்பன். உனக்குத் தரமாட்டன். சாகுமட்டும் அதை நீ தொடமாட்டாய்."

சொன்னபடி எனக்குத் தரவில்லை. மத்தியானம் இழுவை லொறி வந்தது. ஏற்ற முன் எரிந்த பக்கத்தை நான் குனிந்து ஒருதரம் பார்த்துக்கொண்டேன். பார்ப்பதை அவன் தடுக்க முடியாது. இடது பக்கத்துக் கார்புரேட்டர் இரண்டும் உருகி வளைந்து போயிருந்தன. வலது பக்கத்து இரண்டும் தூளுக்குள் முழுதாக இருந்தன. லொறி போன பிறகு அந்தக் கார் எங்கே என்று எனக்குத் தெரியாது. இத்தாலிக்கு அனுப்பினான் என்று சிலர் சொல்கிறார்கள், லெ பிளாங்-மெனிலில் ஒரு களஞ்சியத்துக்குள் துணிபோட்டு வைத்திருக்கிறான் என்று சிலர். நான் கேட்கப் போவதில்லை. என் கை இப்போது இன்னும் நடுங்குகிறது.

லாச்சப்பலில் இன்றைக்கும் என்னைக் கண்டால், ஓடிப்போய்க் காரைக் காப்பாற்றின அண்ணை என்கிறார்கள். ஓடியிருந்தால் இடது பக்கத்தில் ஒன்றாவது தப்பியிருக்கும். வாயைத் திறந்திருந்தால் நான்கும் தப்பியிருக்கும். இதை எனக்கு எந்த வெள்ளைக்காரனும் சொல்லித் தரவேண்டியதில்லை. ஆனால் வலது பக்கத்து இரண்டு இருக்கிறதே, அவை என்னால் தப்பியவை. அன்றைக்கு அந்த றோட்டில் நின்ற அறுபது பேரில் வேறு ஒருவனாலும் அது முடிந்திருக்காது. அவனாலும்தான்.